ஒரு கால் மட்டும் வீங்கினால்…

அரியலூர் பஸ் நிலையத்தில் அன்றைக்கு நல்ல கூட்டம். பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததே என்று நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், கைக்குழந்தையும் கூடையுமாக இரண்டு பெண்கள் ஏறி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்திக்கு வயது 24, 25 இருக்கும். மற்றவர் அவளுடைய தாயார் என்பது முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. இளையவள் இடது காலை மெதுவாக நீட்டி வைத்துக்கொண்டாள். அந்தக் காலில் மட்டும் முழங்கால் வரை தடித்த, இறுக்கமான காலுறை. வலது காலில் வெறும் மெட்டியும் கொலுசும்தான்.

கேட்கலாமா, கூடாதா என்று நான் தயங்குவதைப் பார்த்து அந்த அம்மாளே ஆரம்பித்துவிட்டார்.

"புள்ளை பெத்து அம்பது நாளாச்சு தாயீ. பன்னெண்டாம் நாளு ஒத்தைக் காலு மட்டும் வாழைத்தண்டு கணக்கா வீங்கிப் போச்சு. வாயுப் பிடிப்புன்னு நெனைச்சு நான்தான் விளக்கெண்ணெயைக் காய்ச்சிப் போட்டு உருவி உருவி விட்டேன். தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா பாத்துட்டு, 'பாட்டி, கையை எடுங்க!'ன்னு ஒரு சத்தம் போட்டாங்க பாரு… எனக்கு ஈரக்குலையே நடுங்கிப் போச்சு."

"ரத்தக் கட்டியாம்க்கா. காலு நரம்புக்குள்ள உறைஞ்சு நின்னுடுச்சாம்" என்றாள் பெண். பிறகு கூடையிலிருந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். தேதி வாரியாக எண்கள்: 1.4, 1.9, 2.6… "இதுக்காகத்தான் டவுனுக்கும் ஊருக்கும் அலையறோம். எங்க தெருவிலே ஒரு பெரியவருக்கும் இதே காலு வீக்கம். அவரு ஏதோ புது மாத்திரை சாப்பிடறாரு. ரத்தப் பரிசோதனையே கிடையாது, கீரை கூடாதுன்னு பத்தியமும் கிடையாது. எனக்கு மட்டும் ஏன்க்கா இந்தப் பழைய மாத்திரை?"

நியாயமான கேள்வி! பஸ்ஸில் எனக்குத் தெரிந்த ஒன்றிரண்டு வார்த்தை சொன்னேன். ஊர் திரும்பியதும் முழுவதையும் விசாரித்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

உறைவது எதனால்?

காய்கறி நறுக்கும்போது விரலில் அரிவாள்மணை பட்டால் ரத்தம் கொஞ்ச நேரத்தில் தானாகவே நின்றுவிடுகிறது. ரத்தம் உறைவதால்தான் நாம் பிழைத்திருக்கிறோம். ஆனால் உறைய வேண்டிய இடம் காயத்தின் வாய். உடம்புக்குள்ளே, இருதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை என்ற குழாய்க்குள்ளே உறைந்தால் அது வினை. ஜெர்மானிய டாக்டர் ருடால்ப் விர்ஷோவின் பெயரால் இன்றும் மூன்று காரணங்கள் சொல்வார்கள்: ரத்த ஓட்டம் மந்தமாவது, குழாயின் உள்சுவர் அடிபடுவது, ரத்தமே சுலபமாக உறையும் தன்மையை அடைவது. ஆபரேஷனுக்குப் பின் படுத்த படுக்கையாக இருப்பவர்கள், கால் எலும்பு முறிந்தவர்கள், புற்றுநோய் கண்டவர்கள், கர்ப்பத் தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கு இந்த அபாயம் அதிகம். பிள்ளைத்தாய்ச்சிக்கோ மூன்று காரணங்களும் ஒன்றாய்ச் சேர்ந்துவிடுகின்றன. பிரசவ காலத்துக்காக இயற்கையே ரத்தத்தைச் சற்றுக் 'கெட்டி'யாக்கி வைக்கிறது. கர்ப்பப்பை அழுத்துவதால் கால் ரத்தம், முக்கியமாக இடது கால் ரத்தம், மேலே ஏறச் சிரமப்படுகிறது. பிரசவமான பிறகு 6 வாரம் வரை இந்த அபாயம் உச்சத்தில் இருக்கும். 'பச்சை உடம்பு' என்று நம் பாட்டிமார்கள் சொன்னது பொய்யில்லை.

கட்டி காலோடு நின்றால் வீக்கமும் வலியும்தான். அதில் ஒரு துணுக்கு பிய்த்துக்கொண்டு ரத்தத்தோடு போய் நுரையீரலின் குழாயை அடைத்தால் திடீரென்று மூச்சுத் திணறும், நெஞ்சு வலிக்கும், சில சமயம் இருமலில் ரத்தம் வரும். சிலருக்கு இதையெல்லாம் சொல்லக்கூட அவகாசம் இருப்பதில்லை. அந்த நர்ஸ் அம்மாள் ஏன் சத்தம் போட்டார் என்பது இப்போது புரிகிறதல்லவா? ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகவும் வலியாகவும் இருந்தால் அதை உருவவே கூடாது. டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடவேண்டும்.

"இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு வருவது, நமக்கு அபூர்வம்" என்று நம் நாட்டில் வெகு காலம் நினைத்திருந்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1996 முதல் 2005 வரையுள்ள ஏடுகளைப் புரட்டிப் பார்த்ததில், 10,000 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அவர்களில் சுமார் 17 பேருக்கு இந்த நோய் இருந்தது தெரிந்தது.

அதற்கும் முன்பே மதுரையில் டாக்டர் கே. ஸ்ரீநிவாசன் என்ற நரம்பியல் நிபுணர் ஒரு பெரிய காரியம் செய்திருந்தார். கர்ப்பத்தின்போதும் பிரசவத்துக்குப் பிறகும் மூளையின் ரத்தக் குழாய்களில் உறைதல் கண்ட 135 பெண்களைப் பற்றி 1983-ல் எழுதினார். உலகத்து டாக்டர்கள் இன்றும் அந்தக் கட்டுரையை எடுத்துக் காட்டுகிறார்கள். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருத்துவிடும் என்று சொட்டுச் சொட்டாகக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் இன்னும் கெட்டிப்படும். பிரசவித்த பெண்ணுக்குத் தாங்க முடியாத தலைவலி, வலிப்பு, கை கால் விழுதல் ஏதாவது கண்டால் 'காற்று கறுப்பு' என்று மந்திரிக்க உட்காராமல் 108-க்குப் போன் செய்யுங்கள். தண்ணீர்ச் சொம்பை அவள் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள்.

மருந்து வேலை செய்கிறதா?

ஒரு சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். இந்த மருந்துகள் கட்டியைக் கரைப்பதில்லை. மேலும் வளராமல் தடுத்து நிறுத்துகின்றன, அவ்வளவுதான். கரைக்கும் வேலையை நம் உடம்பே மெல்ல மெல்லச் செய்துகொள்கிறது. கரைக்கும் ஊசிகளும் இல்லாமல் இல்லை. உயிருக்கோ காலுக்கோ உடனடி அபாயம் என்றால்தான் அவற்றைத் தொடுவார்கள். கண்ட இடத்தில் ரத்தம் கசியும் பயம் அவற்றில் அதிகம்.

உறையாமல் தடுப்பதால் என்ன லாபம் என்பதை இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து டாக்டர்கள் பாரிட்டும் ஜோர்டனும் 1960-ல் காட்டினார்கள். நுரையீரலுக்குக் கட்டி போன 35 நோயாளிகளில் 16 பேருக்கு மருந்து. 19 பேருக்கு மருந்தில்லை. மருந்தில்லாத 19 பேரில் 5 பேர் மறுபடி கட்டி அடைத்து இறந்தார்கள். இன்னும் 5 பேருக்கு மறுபடி அடைத்தும் பிழைத்தார்கள். மருந்து பெற்றவர்களில் ஒருவர்கூட அடைப்பினால் சாகவில்லை. மருந்து கொடுக்காமல் இனி ஒருவரை விட்டு வைப்பது பாவம் என்று சோதனையை அத்துடன் நிறுத்திவிட்டார்கள். அன்று முதல் உலகத்தின் கேள்வி 'மருந்து வேண்டுமா?' என்பதல்ல, 'எந்த மருந்து?' என்பதுதான்.

முதல் மருந்து ஹெபாரின். 1916-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மக்லீன் என்ற மாணவர் ரத்தத்தை உறையச் செய்யும் பொருளைத் தேடிப் போய், உறைய விடாத பொருளைக் கண்டெடுத்தார்! பிணைப்பதைத் தேடப் பிரிப்பது கிடைத்த கதை. நாயின் ஈரலிலிருந்து வந்ததால், ஈரலுக்குரிய கிரேக்கச் சொல்லை வைத்து ஹெபாரின் என்று பெயர். இன்றைக்குப் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கிறார்கள். அது மனத்துக்கு ஒவ்வாதவர்கள் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லலாம். மிருகத் தொடர்பில்லாமல் செயற்கையாகச் செய்த ஊசியும் இருக்கிறது. ஹெபாரின் போட்ட உடனேயே வேலை செய்யும். ஆனால் சொட்டு மருந்தாக நரம்பில் ஏற்றவேண்டும். அடிக்கடி ரத்தம் பார்க்கவேண்டும். ஆஸ்பத்திரியை விட்டு நகர முடியாது. பிறகு அதையே நறுக்கிச் சிறிதாக்கி, எனாக்ஸபாரின் போன்ற ஊசிகளைச் செய்தார்கள். உடல் எடைக்குத் தக்கபடி வயிற்றுத் தோலில் போட்டுக்கொள்ளலாம். வீட்டிலேயே போட்டாலும் ஆஸ்பத்திரிச் சொட்டு மருந்துக்குக் குறைவில்லை என்று 1996-ல் வெளியான இரண்டு சோதனைகள் காட்டின. கர்ப்பிணிகளுக்கு இதுதான் மருந்து. நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போவதில்லை.

எலி மருந்து வந்த கதை

அந்தப் பெண் சாப்பிட்ட 'பழைய மாத்திரை' வார்பரின். அதன் பிறப்புக் கதையை மாடு வளர்க்கும் நம் ஜில்லாக்காரர்கள் கேட்டால் ரசிப்பார்கள்.

1920-களில் வட அமெரிக்காவில் மாடுகள் காரணம் தெரியாமல் செத்துக்கொண்டிருந்தன. கொம்பு சீவினால், காயடித்தால் ரத்தம் நிற்கவே நிற்காது. மழையில் நனைந்து பூஞ்சணம் பூத்த ஒருவகைத் தீவனப்புல்தான் காரணம் என்று கால்நடை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். நல்ல புல் கிடைக்காத ஏழைக் குடியானவன் என்ன செய்வான்? 1933 பிப்ரவரியில், பனிப்புயலுக்கு நடுவே, எட் கார்ல்சன் என்ற விவசாயி செத்துப்போன கிடாரியையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும், அந்தப் புல்லையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு 190 மைல் தாண்டி விஸ்கான்ஸின் சர்வகலாசாலை இருக்கும் மாடிசன் நகரத்துக்கு வந்தார். அன்றைக்கு சனிக்கிழமை, சர்க்கார் ஆபீஸ் மூடியிருந்தது. கதவு திறந்திருந்த இடம் கார்ல் பால் லிங்க் என்ற ரசாயனப் பேராசிரியரின் ஆராய்ச்சிசாலை. அந்தப் புல்லைப் போடாதே என்பதைத் தவிர அவரால் அன்றைக்கு ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தப் பால் கேன் அவரைத் தூங்க விடவில்லை. 6 வருஷம் கழித்து, 1939-ல், அவருடைய ஆராய்ச்சிசாலையில் அந்த விஷம் படிகமாகப் பிரிந்தது.

அதே இனத்தில் இன்னும் வலுவானதாகச் செய்து 1948-ல் எலிக்கு வைத்தார்கள். மனிதனுக்குக் கொடுக்க எல்லாருக்கும் பயம். 1951-ல் அமெரிக்கப் பட்டாளத்துச் சிப்பாய் ஒருவர் உயிரை விடும் எண்ணத்துடன் அந்த எலி மருந்தை விழுங்கினார். வைட்டமின் 'கே' கொடுத்ததும் பிழைத்து எழுந்துவிட்டார்! மாற்று மருந்து கையிலிருக்கிறது என்ற தைரியம் டாக்டர்களுக்கு வந்தது. 1954-ல் மனிதர்களுக்கு அனுமதி. அடுத்த வருஷம் மாரடைப்பு கண்ட ஜனாதிபதி ஐஸன்ஹோவருக்கே கொடுத்தார்கள். நம் ஊரில் இதன் தங்கையான அசெனோகுமராலையும் நிறைய எழுதிக் கொடுக்கிறார்கள்.

மாத்திரை மலிவு. சிரமம் வேறு இடத்தில். வேலை செய்யத் தொடங்க 5 நாளாவது ஆகும். அதுவரை ஊசியும் கூடவே வேண்டும். அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஐ.என்.ஆர். என்ற பரிசோதனையில் எண் 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்கவேண்டும். குறைந்தால் உறையும், மிஞ்சினால் கசியும். அந்தப் பெண்ணின் நோட்டுப் புத்தகத்து எண்கள் இவைதான். கிராமத்திலிருந்து டவுனுக்குப் பஸ் ஏறி, ரத்தம் கொடுத்து, மாலை வரை காத்திருந்து… கூட வருகிறவருக்கும் ஒரு நாள் கூலி போயிற்று.

கீரை விஷயத்துக்கு வருவோம். முருங்கைக் கீரையில் வைட்டமின் 'கே' ஏராளம். வார்பரின் எதை எதிர்த்து வேலை செய்கிறதோ அதையே தட்டில் குவித்தால் மருந்து தோற்றுப் போகும். அதற்காகக் கீரையை அடியோடு விலக்கச் சொல்வது சரியல்ல. பால் கொடுக்கும் பெண்ணுக்குக் கீரை வேண்டும். வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் டாக்டர் அதற்குத் தக்கபடி மாத்திரையை அமைத்துவிடுவார். ஒரு வாரம் தினமும் முருங்கை, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்பதுதான் வம்பு.

புது மாத்திரைகள்

அந்தப் பெரியவரின் மாத்திரை எது என்று அவளுக்குப் பெயர் தெரியவில்லை. ரிவராக்ஸபான், அபிக்ஸபான், டாபிகட்ரான், எடாக்ஸபான் என்ற நாலில் ஒன்றாக இருக்கவேண்டும். 2009 முதல் 2013 வரை ஒவ்வொன்றாக வார்பரினோடு பந்தயத்துக்கு விடப்பட்டவை இவை. 2013-ல் வெளியான அபிக்ஸபான் சோதனையை மட்டும் பாருங்கள்: 5,395 நோயாளிகள். மறுபடி உறைந்தது இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே; புது மருந்தில் 100-க்கு 2.3, பழையதில் 2.7. பெரிய அளவில் ரத்தம் கசிந்ததோ, புது மருந்தில் 1,000-க்கு 6 பேருக்கு, பழையதில் 18 பேருக்கு! நோயைத் தடுப்பதில் சமம், பத்திரத்தில் மேல். ஐ.என்.ஆர். பார்க்க வேண்டாம், கீரைக் கணக்கு வேண்டாம்.

புது மருந்துகளுக்குள் எது உசத்தி? ரிவராக்ஸபானுக்கும் அபிக்ஸபானுக்கும் முதல் சில நாள் ஊசி தேவையில்லை. மாத்திரையிலேயே கூடுதல் அளவில் தொடங்கலாம். மற்ற இரண்டுக்கும் முதலில் 5 நாளாவது ஊசி வேண்டும். ரிவராக்ஸபான் முதல் 3 வாரத்துக்குப் பிறகு தினம் ஒரு வேளை. சாப்பாட்டோடு சாப்பிட்டால்தான் உடம்பில் சேரும். அபிக்ஸபான் தினம் இரு வேளை. இவ்விரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த சோதனையின் முடிவு 2025-ல்தான் வந்தது. 2,760 பேரில், முதல் 3 மாதத்தில் கவனிக்கத்தக்க ரத்தக் கசிவு ரிவராக்ஸபானில் 100-க்கு 7 பேருக்கு, அபிக்ஸபானில் 3 பேருக்கு. சகோதரிகள் இதைக் குறித்துக்கொள்ளவேண்டும். ரிவராக்ஸபான் சாப்பிடும் பெண்கள் சிலருக்கு மாதவிலக்கு மிகவும் அதிகமாகப் போகிறது. ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவர்கள் 'மருந்துக்கு இப்படித்தான்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கக் கூடாது, டாக்டரிடம் சொல்லவேண்டும். மருந்தை மாற்ற வழியிருக்கிறது.

அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு ஏன் பழைய மாத்திரை? மடியில் இருந்த குழந்தைதான் பதில். வார்பரின் தாய்ப்பாலில் குழந்தையைப் பாதிக்கும் அளவுக்குப் போவதில்லை. புது மாத்திரைகளைப் பற்றி அந்த நிச்சயம் இன்னும் இல்லை; ஆகவே பால் கொடுக்கும்வரை அவை வேண்டாம் என்கிறார்கள். கர்ப்பமாக இருக்கும்போதோ வார்பரினும் கூடாது, கருவைக் கெடுக்கும். ஊசி ஒன்றுதான். இன்னும் சிலருக்கும் பழையதே நல்லது. இருதயத்தில் உலோக வால்வு வைத்தவர்களுக்கு வார்பரின்தான். ரத்தமே தன்னைத்தான் தாக்கிக்கொண்டு உறையும் ஒருவகை நோயில் ரிவராக்ஸபான் தோற்றுப்போனதை 2018-ல் இத்தாலியச் சோதனை ஒன்று காட்டியது. அடிக்கடி கர்ப்பம் கலைகிற பெண்கள் சிலருக்கு இந்த நோய் உண்டு. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களும் யோசித்தே புது மருந்தைத் தொடவேண்டும்.

விலையில் வார்பரினை அடிக்க ஒன்றுமில்லை. ஆனால் புது மருந்துகள் சிலவற்றுக்குக் காப்புரிமைக் காலம் முடிந்து, நம் நாட்டுக் கம்பெனிகள் பல தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து அவை பெருமளவு இறங்கிவிட்டன. பஸ் சத்தத்தையும் பரிசோதனைச் செலவையும் போன கூலியையும் கூட்டிப் பார்த்தால், எது மலிவு என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். ஒன்றில் மட்டும் பழையது தயை உள்ளது. ஒரு வேளை மறந்தால் அதன் சக்தி உடனே போய்விடாது. புது மருந்து அரை நாளில் பாதி குறைந்துவிடும். தீர்ந்துபோயிற்று, சந்தை நாளில் வாங்கிக்கொள்ளலாம் என்று 2 நாள் விட்டால் காவலில்லாத வீடுதான்.

எந்த மருந்தானாலும் குறைந்தது 3 மாதம். காரணம் தெரியாமல் உறைந்தவர்களுக்கு இன்னும் நீளும். வீக்கம் வடிந்ததும் நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம்! மூட்டு வலிக்கென்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக்கும், இடுப்பில் போட்டுக்கொள்ளும் ஊசியும் இந்த மருந்தோடு சேர்ந்தால் ஆபத்து. கோயில் திருவிழா, கல்யாணம் என்று விலக்கைத் தள்ளிப்போட விழுங்கும் மாத்திரையை, ஒரு தடவை உறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் கையாலும் தொட வேண்டாம்.

பெரம்பலூர் சின்ன வெங்காயத்துக்குப் பேர் போன சீமை. பஸ்ஸில் முன் ஸீட்டிலிருந்த ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பி, "தினம் நாலு பச்சை வெங்காயம் மென்றால் போதும், ரத்தம் தண்ணியா ஓடும். மாத்திரை எதுக்கு?" என்றார். நுரையீரலை நோக்கிக் கிளம்பும் கட்டியை நாலு வெங்காயம் நிறுத்தியதாக எங்கும் காணோம். நான் பதில் சொல்வதற்குள் பாட்டி முந்திக்கொண்டார்.

"வெங்காயத்தைக் கொழம்புலே போட்டுக்கறோம், ஐயா. நாங்க ஒரு தரம் எண்ணெய் போட்டு உருவிப் பாத்தது போதும்."

நாலு ரோட்டில் இறங்கும்போது பெண்ணின் தோளிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். பெண் காலை ஊன்றி, படியைப் பிடித்து மெதுவாக இறங்கினாள். கூடையிலிருந்து தண்ணீர்ப் பாட்டில் எட்டிப் பார்த்தது. அடுத்த ரத்தப் பரிசோதனை வியாழக்கிழமை என்றாள். எண் 2-க்கு மேல் நிற்குமா என்று அவளுக்கு ஒரே கவலை.